ரெமிங்டன் 700-க்கு டிம்னியா, ட்ரிகர்டெக்கா?

அமெரிக்க மான் வேட்டைக்காரர்களிடம் 1962 முதல் புழங்கும் ரைஃபிள் ரெமிங்டன் 700. அதன் எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகரை, தானாக வெடிக்க வாய்ப்புண்டு என்று 2014-இல் நிறுவனமே திரும்பப் பெற்றது. மாற்று ட்ரிகர் தேடுகிறவர்கள் பலரும் வந்து நிற்பது டிம்னி, ட்ரிகர்டெக் என்ற இந்த இரண்டு நிறுவனங்களின் ட்ரிகர்களில்தான்.

அரிசோனாவின் டிம்னி பழைய வழி. தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியைப் பிடித்துவைத்திருக்கும் சியரும் ட்ரிகரும் உலோகத்தோடு உலோகம் உரசி விலகும். நன்றாகத் தீட்டியிருப்பதால் உரசல் விரலுக்கு எட்டுவதில்லை. கனடாவின் ட்ரிகர்டெக் இடையில் ஒரு குட்டி உருளையை வைத்திருக்கிறது. உரசல் உருளலாகிவிடுகிறது, காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி பட்டென்று விடும். இழுவிசையை, அதாவது ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் விசையைத் திருகினால் 'டிக் டிக்' என்று எண்ணிக்கொண்டே போகலாம். எனக்கு இது ஒன்றே போதும், என் ஓட்டு ட்ரிகர்டெக்குக்கு. டிம்னி வாங்கினாலும் குறை சொல்ல மாட்டேன்.

ட்ரிகர்டெக்கின் ப்ரைமரி என்ற மாடலில் இழுவிசை ஒன்றரை முதல் 4 பவுண்ட் வரை. குளிரில் கையுறையோடு வேட்டைக்குப் போகிறவருக்கு மூன்றுக்குக் கீழே வேண்டாம்.

மாட்டுவது இரண்டுக்கும் ஒன்றுதான். தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை உருவி, துப்பாக்கிக் கட்டையைக் கழற்றி, இரண்டு பின்களைத் தட்டி எடுக்க வேண்டும். போல்ட் பின்னால் கழன்று வராமல் தடுக்கும் போல்ட் ஸ்டாப்பின் பொடி ஸ்பிரிங் தெறித்து ஓடும். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். மாட்டியபின், காலித் துப்பாக்கியில் போல்ட்டைப் பலமுறை ஓங்கி மூடுங்கள். சேஃப்டி போட்டு ட்ரிகரை இழுத்து விட்டு, பிறகு சேஃப்டியை எடுங்கள். இதில் ஒருமுறை அந்த வெடியூசி தானாக விழுந்தாலும், துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் கொடுத்துவிடுங்கள்.