பைபாஸுக்குப் பின் அமியோடரோன்: உடனே நிறுத்துவதா, குறைத்து நிறுத்துவதா, தொடர்வதா?

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து ஏழாவது வாரம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அமியோடரோன் 200 மி.கி., 1-0-0’ என்று அச்சாகியிருந்தது. இதயத் துடிப்பின் தாளத்தைச் சீராக்கும் மாத்திரை இது. எத்தனை நாளைக்கு என்ற கட்டம் காலி. மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் காட்டினால் அடுத்த அட்டையைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள், அப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூன்று கட்சி. “அண்ணனுக்குத்தான் படபடப்பே இல்லையே, நிறுத்திடச் சொல்லு” என்றார் அத்தை. “ஹார்ட் மாத்திரையைப் பட்டுனு விடக் கூடாது, பாதி பாதியா குறைக்கணும்” என்றார் மாமா. அம்மாவோ, “ஒண்ணும் பண்ணலையே, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார். இதய ஆபரேஷன் முடிந்த பல வீடுகளில் இந்த மூன்று பேரும் இருப்பார்கள். மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில், இந்த மாத்திரை ஏன் வந்தது? பைபாஸ் செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வருகிறது. இதயத்தின் மேலறைகள் தாளமில்லாமல் நடுங்கும். நாடி தாறுமாறாக ஓடும். வால்வு ஆபரேஷன் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். கத்தி பட்ட அழற்சி, இதயத்தைச் சுற்றித் தேங்கும் நீர், உடம்பில் பொங்கும் அட்ரினலின் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. அழற்சி அடங்கினால் தாளமும் பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. ஆபரேஷனுக்குப் பின் இந்தக் கோளாறு வந்த 523 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் துடிப்பின் வேகத்தை மட்டும் அடக்கும் மருந்து; மறு பாதிக்குத் தாளத்தையே சரிசெய்ய அமியோடரோன், தேவைப்பட்டால் மின்அதிர்ச்சி. மருத்துவமனையில் கழிந்த நாட்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே, ஐந்து நாள். அறுபதாம் நாளில், அதற்கு முந்தைய 30 நாட்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இல்லாமல் இருந்தவர்கள் வேகக் கட்டுப்பாட்டுப் பக்கம் 93.8 சதவீதம், தாளக் கட்டுப்பாட்டுப் பக்கம் 97.9 சதவீதம். அமியோடரோன் கொஞ்சம் முன்னால்தான். ஆனால் அது இல்லாதவர்களிலும் நூற்றுக்கு 94 பேர் சரியாகிவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அப்பாவின் இதயம் சீராக ஓடுவதற்கு மாத்திரைதான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். காலமும் காரணமாக இருக்கலாம்.

சரி, இப்போது அத்தையும் மாமாவும். ‘பட்டென்று நிறுத்தக் கூடாது’ என்ற மாமாவின் விதி பல மாத்திரைகளுக்குப் பொருந்தும். அமியோடரோனுக்குத்தான் பொருந்தாது. இது கொழுப்பில் கரையும் மருந்து. கல்லீரல், நுரையீரல், கொழுப்புத் திசு என்று உடம்பெங்கும் ஊறிப்போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் தொடக்கத்தில் மருத்துவமனையில் அதிக அளவில் கொடுக்கிறார்கள். அந்தக் கிடங்கு நிரம்பினால்தான் வேலை முழுதாகத் தெரியும். வெளியேறுவதும் அதே மெத்தனம்தான். நீண்ட நாள் சாப்பிட்டவர்களின் உடம்பில் இதன் அளவு பாதியாகக் குறையச் சராசரியாக 58 நாட்கள் ஆகின்றன. சிலருக்கு நூறு நாளுக்கு மேலும் ஆகும். ஆறேழு வாரம் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கிடங்கு அவ்வளவு நிரம்பியிருக்காது. ஆனாலும் இன்று காலை விட்டால் நாளைக் காலை இல்லாமல் போகிற மருந்து அல்ல இது. எண்ணெய் ஊறிய மரப்பலகையிலிருந்து எண்ணெய் இறங்குவதைப் போல மெல்ல மெல்லத்தான் போகும். பாதி பாதியாகக் குறைக்கும் வேலையை உடம்பே செய்துவிடுகிறது. மாமா வழியில் போனால் கெடுதல் ஏதும் பெரிதாக இல்லை. பலனும் பெரிதாக இல்லை. மாத்திரையை உடைக்கிற தொந்தரவுதான் மிச்சம். இந்த மாத்திரையைப் பொறுத்தவரை அத்தைக்குத்தான் என் ஓட்டு, ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அம்மாவின் ‘அது பாட்டுக்கு இருக்கட்டும்’ என்பது கேட்க மென்மையாக இருக்கிறது. மூன்றில் விலை அதிகமான வழி அதுதான். அமியோடரோனின் எடையில் 37 சதவீதம் அயோடின். 200 மி.கி. மாத்திரை ஒன்றில் 75 மி.கி. அயோடின் அடங்கியிருக்கிறது. அது முழுதும் ஒரேயடியாகப் பிரிந்து வெளிவருவதில்லை; ஆனால் ஒரு மனிதருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான் என்னும்போது, வெளிவரும் சிறு பங்கே தைராய்டுக்குத் திக்குமுக்காட்டம். சிலருக்குத் தைராய்டு மந்தமாகும், சிலருக்கு வெறிகொண்டு சுரக்கும். இரண்டாவது வகையில் படபடப்பும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுமே திரும்ப வரக்கூடும். எதற்காக மாத்திரையோ அதையே மாத்திரை கொண்டுவருகிற கூத்து. கல்லீரல் பாதிப்பு, கருவிழியில் படிவு, வெயில் பட்டால் தோல் எரிவது, நெடுநாள் எடுத்தால் தோல் சாம்பல் நீலமாக மாறுவது என்று பட்டியல் போகிறது. எல்லாவற்றிலும் அஞ்சவேண்டியது நுரையீரல். அரிதுதான், ஆனால் வந்தால் கடுமை. வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் என்று தொடங்கும். நெஞ்சைத் திறந்து தைத்த மனிதர் மூச்சு வாங்கினால் ‘ஆபரேஷன் பண்ணின உடம்பு’ என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். அங்கேதான் ஏமாறுவோம்.

தொடர வேண்டியவர்களும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே பல வருடமாக இந்தத் தாளக் கோளாறு இருந்தவர்கள், ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கெட்டு மேலறை பெருத்துப்போனவர்கள், ஆபரேஷனோடு சேர்த்து மேஸ் சிகிச்சையும் (தாளத்தைச் சரிசெய்ய மேலறைச் சுவரில் கோடு கோடாகத் தழும்பு உண்டாக்குவது) செய்துகொண்டவர்கள். மேஸ் செய்தவர்களுக்கு முதல் மூன்று மாதம் தாளம் தடுமாறினாலும் அதைத் தோல்வியாகக் கணக்கெடுப்பதில்லை. தழும்பு ஆறும் காலம் அது. இவர்களுடைய சீட்டைப் பார்த்து அப்பாவின் மாத்திரையை முடிவு செய்ய முடியாது, அப்பாவின் சீட்டைப் பார்த்து இவர்களுடையதையும் முடிவு செய்ய முடியாது.

இன்னொரு சிக்கல், ‘தாள மாத்திரை’ என்று வீட்டில் சொல்வது ஒரே மாத்திரையை அல்ல. அப்பாவின் டப்பாவில் மூன்று இருந்தன. துடிப்பின் வேகத்தை அடக்கும் மெட்டோப்ரோலாலை எடுத்துக்கொள்ளுங்கள். இது அமியோடரோனுக்கு நேர் எதிர். சில மணி நேரத்தில் பாதி உடம்பை விட்டுப் போய்விடும். இத்தனை நாள் அட்ரினலினின் குரலை அடக்கி வைத்திருந்ததால், அதைக் கேட்கிற ஏற்பிகள் கூடிப்போய்க் காத்திருக்கும். பட்டென்று நிறுத்தினால் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரையிலும் போகலாம். அமெரிக்காவில் இந்த மருந்தின் விவரத்தாளிலேயே எச்சரித்திருக்கிறார்கள்: ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறையுங்கள் என்று. மாமாவின் விதி இங்கே அப்படியே பொருந்துகிறது. வேடிக்கை என்னவென்றால், அசதியாக இருக்கிறது, தலை சுற்றுகிறது என்று ஆட்கள் தாங்களாகவே நிறுத்துவது பெரும்பாலும் இந்த மெட்டோப்ரோலாலைத்தான். எந்தத் தொந்தரவும் காட்டாத அமியோடரோன் சமர்த்தாக டப்பாவில் உட்கார்ந்திருக்கும். தாளம் சரியானாலும் பைபாஸ் நோயாளிக்கு மெட்டோப்ரோலால் வேறு காரணத்துக்காகத் தொடரலாம்: ரத்த அழுத்தம், முந்தைய மாரடைப்பு, பலவீனமான இதயத்தசை.

மூன்றாவது, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை; அப்பாவுக்கு அபிக்ஸபான். இதை நிறுத்துவதற்குத்தான் அத்தையின் காரணம் ஆபத்தானது. மேலறை நடுங்கும்போது உள்ளே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பலருக்குத் தெரியாமலே வந்து போகும். ‘படபடப்பு இல்லை’ என்பது ‘கோளாறு இல்லை’ என்பதாகாது. 2023-ன் அமெரிக்க வழிகாட்டுதல், ரத்தக்கசிவு போன்ற தடை இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குப் பின் 60 நாள் கொடுத்துவிட்டு, பிறகு தாளத்தையும் தேவையையும் மறுபடி பார்க்கச் சொல்கிறது. அப்போது வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு பக்கவாதம் வந்ததா என்பதெல்லாம் கணக்கில் வரும். 75 வயதில் சர்க்கரையும் உள்ளவருக்கும் 55 வயதில் வேறு நோய் இல்லாதவருக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

உலோக வால்வு வைத்தவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. தாளம் எப்படி இருந்தாலும், ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய வகை மாத்திரையான வார்ஃபரின் அல்லது அசெனோகௌமரால் ஆயுளுக்கும் வேண்டும். புதிய வகைக்கு மாறலாமா என்று டபிகாட்ரானை வைத்துப் பார்த்த ஆய்வை, கட்டிகளும் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். ருமாட்டிக் வால்வு நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களிடம் ரிவராக்ஸபானைச் சோதித்தபோதும், 2022-ல், பழைய வார்ஃபரின் வகையே வென்றது.

இங்கேதான் மாத்திரைகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அமியோடரோன் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். அதனால் வார்ஃபரின் அளவை மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறைத்திருப்பார்கள். அமியோடரோனை நிறுத்தினால் அந்த உந்துதல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல வடியும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவான ஐஎன்ஆர் கூடவே இறங்கும். நிறுத்திய மறுவாரம் ஐஎன்ஆர் சரியாக இருந்தது என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டால் வால்வில் கட்டி உட்கார்ந்துவிடலாம். என் தோழியின் அம்மாவுக்கு ஐஎன்ஆர் கடகடவென்று இறங்கியது இப்படித்தான். கீரை வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பதால், முருங்கைக்கீரையின் மேல் பழி போட்டு வீட்டில் கீரையையே தடை செய்துவிட்டார்கள். அமியோடரோனை நிறுத்தியது யாருக்கும் நினைவில் இல்லை.

எட்டாவது வாரம் அப்பாவை இதய மருத்துவரிடம் கூட்டிப்போனோம். ஈசிஜி எடுத்தார், துடிப்பை 24 மணி நேரமும் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியை மாட்டி அனுப்பினார். இரண்டிலும் தாளம் சீராக இருந்தது. அமியோடரோனை அன்றே நிறுத்தச் சொன்னார், குறைக்கிற பேச்சே இல்லை. மெட்டோப்ரோலால் தொடரும். அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரையும் இருப்பதால் அபிக்ஸபானை இப்போதைக்குத் தொடரச் சொல்லி, இன்னொரு ஹோல்ட்டருக்குப் பிறகு பேசலாம் என்றார். தினமும் காலையில் ஒரு நிமிடம் முழுதாக நாடி பார்க்க அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார். எண்ணிக்கையைவிட இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டுமாம். பிபி மெஷினில் சீரற்ற துடிப்புக்கான குறி அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுக்க வரச் சொன்னார்.

நிறுத்தி மூன்று மாதம் கழித்து லேபில் தைராய்டுக்கு ரத்தம் கொடுக்கப் போனோம். சீட்டைப் பார்த்த அம்மா கேட்டார்: “அந்த மாத்திரையை விட்டுத்தான் மூணு மாசம் ஆச்சே, இப்ப எதுக்கு இது?”

“நாமதான் விட்டோம்,” என்றார் அப்பா, சட்டைக் கையை மடித்துக்கொண்டே. “அது இன்னும் என்னை விடலையாம்.”