ஜி.இ.டி.யா, ஹைசெட்டா?

அமெரிக்காவுக்கு வந்தபின் வீட்டிலிருந்தே படித்துப் பள்ளி இறுதிச் சான்று வாங்க நினைப்பவர்களின் குழப்பம் இது. இரண்டும் அந்தச் சான்றுக்கு இணையான தகுதி தரும் தேர்வுகள். முதலில் உங்கள் மாநிலம் எதை ஏற்கிறது என்று பாருங்கள். பலருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

தாள்கள்: ஜி.இ.டி. 4. ஹைசெட் 5, வாசிப்பும் எழுத்தும் தனித்தனி.

தேர்ச்சி: ஜி.இ.டி.யில் தாளுக்கு 200க்கு 145. பயப்படாதீர்கள், அளவுகோலே 100இல்தான் தொடங்குகிறது. ஹைசெட்டில் தாளுக்கு 20க்கு 8 போதும் என்பார்கள். ஐந்திலும் எட்டெட்டு எடுத்தால் 40தான். மொத்தம் 45 வேண்டும், கட்டுரையில் 6க்கு 2 வேண்டும். இதைக் கவனிக்காமல் படித்தால் கடைசியில் கையைக் கடிக்கும்.

வடிவம்: ஜி.இ.டி. முழுக்கக் கணினியில். விடையை இழுத்து வைக்கச் சொல்லும், கட்டத்தில் தட்டச் சொல்லும். கட்டுரைக்கு 45 நிமிடம். தட்டச்சு தடுமாறினால் விஷயம் தெரிந்தும் பயனில்லை. ஹைசெட்டில் கட்டுரை போக, மற்றதெல்லாம் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்வதுதான். சில இடங்களில் காகிதத்திலும் எழுதலாம்.

கணக்கு: ஜி.இ.டி.யில் முதல் 5 கேள்விக்குக் கால்குலேட்டர் கிடையாது. வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்தவர்களுக்கு அது லாபம்தான்!

சமூக அறிவியல்: நமக்கு இரண்டிலும் புதிது. ஜி.இ.டி.யில் அந்தத் தாளில் பாதி, அமெரிக்க அரசு முறையும் குடிமையியலும்.

கணினியில் கை ஓடுபவர் ஜி.இ.டி.க்குப் போகலாம். ஒரு பாடம் பலவீனம், மற்றவற்றில் ஈடுகட்டிவிடலாம் என்பவருக்கு ஹைசெட்.