உரக்கடை லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி: மயிலாடுதுறை சர்வீஸ் அனுபவம்

என்னைப் போல சிங்கப்பூரில் இருந்துகொண்டு, ஊருக்கு வரும்போது வீட்டு லேப்டாப்பைச் சரி செய்து கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிற நம்மவர்களுக்காக எழுதுகிறேன். டெல்டா பக்கம் சர்வீஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைக்காரர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியை வைத்தே அங்கே கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம்.

அண்ணன் குத்தாலத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். சம்பா நட்டு மேலுரம் போடுகிற நேரம், யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் ஆள் நின்றுகொண்டே இருக்கிறது. பில் போடும் லேப்டாப்போ, ஆன் செய்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்து வந்தாலும் கணக்கு மென்பொருளான டேலி திறந்திருக்காது. உள்ளே இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்று ஓடும் பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க். மற்றபடி எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். தூக்கிப் போடுகிற நிலையில் இல்லை, டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம், போட்டால் போதும். சிங்கப்பூரிலேயே எஸ்எஸ்டி வாங்கி வந்திருக்கலாமே என்று அண்ணன் கேட்டார். கெட்டுப்போனால் யாரிடம் திருப்பிக் கொடுப்பது? அதனால் இங்கேயே வாங்குவது என்று இருந்தேன்.

மயிலாடுதுறையில் முதலில் ஏறிய கடை பளபளப்பானது. "ஃபார்மட் பண்ணி புது விண்டோஸ் போட்டுடலாம் சார், கீ மட்டும் தனிச் சார்ஜ்" என்றார்கள். டேலியில் இத்தனை வருடக் கணக்கு இருக்கிறதே என்றேன். "பேக்கப்புக்குத் தனி, பழைய டிஸ்கைக் கொடுத்தா கழிச்சுக்கலாம்." இதில் இரண்டு சங்கதி. லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது. டிஸ்க் மாறினாலும் போகாது, புதுக் கீ வாங்க வேண்டியதே இல்லை. இரண்டாவது, பாதி ஊரின் கடன் கணக்கு இருக்கிற டிஸ்கை யாராவது எக்ஸ்சேஞ்சில் விடுவார்களா? கும்பிடு போட்டுவிட்டு இறங்கினோம்.

பட்டமங்கலத் தெருவை ஒட்டிய சந்தில் இரண்டாவது கடை. ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், சுவரெல்லாம் சார்ஜர். அங்கிருந்த தம்பி லேப்டாப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ள இருக்கிறது அப்படியே வேணுமாண்ணே?" என்றுதான் கேட்டார். அப்படியே வேண்டும், டேலி, பிரிண்டர் டிரைவர், டெஸ்க்டாப்பில் அண்ணன் கொட்டி வைத்திருக்கிற படங்கள் உட்பட. "அப்ப குளோன்தான்." பழைய டிஸ்கில் இருப்பதை அச்சு அசலாகப் புதியதில் நகலெடுப்பது.

உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்கும் மென்பொருளை ஓட்டினார், மஞ்சள் காட்டியது. சில செக்டார்கள் படிக்கத் தடுமாறுகின்றன, குளோன் நடுவில் நின்றாலும் நிற்கலாம் என்றார். அதனால் டேலி டேட்டா ஃபோல்டரை முதலில் ஒரு பென் டிரைவில் இறக்கி, அதை அண்ணன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. டிஸ்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாமல் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருக்கிறதா என்றும் பார்த்தார். இதில் இல்லை. ஆனால் இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் கேட்காமலேயே போட்டிருக்கும். 48 இலக்க மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கும். அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப் என்றால், கணக்கு எந்தப் பிள்ளையின் மெயிலில் இருக்கிறது என்று கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள்.

அடிமூடியைக் கழற்றினால், சின்னப் பட்டை போன்ற எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் காலி. எம்.2 எல்லாம் ஒன்றல்ல. சில ஸ்லாட் பழைய சாட்டா வகையை மட்டும் ஏற்கும், சில அதைவிட வேகமான என்விஎம்இ வகையை. மாடலைத் தேடிப் பார்த்து என்விஎம்இ போகும் என்று உறுதி செய்துகொண்டு 500 ஜிபி ஒன்றை எடுத்தார். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை படிக்கும், மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500 வரை போகும். பில் போடுகிற கடைக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது; ஹார்டு டிஸ்கை விட்டு எதற்கு மாறினாலும் சொர்க்கம்தான். விலை ஏறக்குறைய ஒன்று என்பதால் சரி என்றேன். பழையது 1 டிபி, புதியது பாதி. நிரம்பியிருப்பது 200 ஜிபிக்குள் என்பதால் சுருக்கி ஏற்றிவிடலாம்.

"நாளைக்கு ஷட்டவுன், காலைல ஒன்பது டு அஞ்சு. இன்னைக்கே ஓட விட்ருவோம்" என்றார். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைக் கடை மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். லேப்டாப் பேட்டரியோ செத்த பேட்டரி. இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிட்டுத் தொடங்கினார். சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் பூட் ஆகாது, விண்டோஸைத் தொடங்கி வைக்கிற, முன்னால் ஒளிந்திருக்கும் சின்ன ஈஎஃப்ஐ பகுதியும் சேர்ந்து போக வேண்டும். முழு டிஸ்கையும் தேர்ந்தெடுத்ததைக் காட்டிவிட்டே பட்டனை அழுத்தினார்.

முடிந்ததும் பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டார். இரண்டும் ஒரே அடையாளத்தோடு உள்ளே இருந்தால் விண்டோஸ் குழம்பும். ஆன் செய்தால் நீலத் திரை! பூட் டிஸ்கை அணுக முடியவில்லையாம். அண்ணன் கை சட்டைப் பைக்குப் போனது. தம்பி அசரவில்லை. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு வரும்போது இது நடக்கிறதுதான், பூட்டுக்கான டிரைவர் எழுந்திருக்காது என்று சொல்லிக்கொண்டே மீட்பு மெனு வழியாக ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றி, ரீஸ்டார்ட் கொடுத்தார். அப்புறம் நேராக டெஸ்க்டாப். அண்ணன் பாஸ்வேர்டு அடித்துவிட்டு நிமிர்வதற்குள் டேலி திறந்திருந்தது.

கூலி 700 ரூபாய். எஸ்எஸ்டிக்குத் தனி ஜிஎஸ்டி பில், சீரியல் எண் எழுதி. பழைய டிஸ்க்கைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு மாதம் தொடாமல் வைத்திருங்கள் என்றார். பணம் யுபிஐயில். 2023 முதல் சிங்கப்பூர் எண்ணோடு, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கை யுபிஐயில் இணைக்க அனுமதி உண்டு என்றாலும் என் வங்கி இன்னும் இந்திய எண்ணைத்தான் கேட்கிறது, அண்ணன் போனில்தான் கட்டினோம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதே என்று கேட்டேன். இந்த ஐ5 விண்டோஸ் 11-ஐ ஏற்கும், ஆனால் ஒரே நாளில் இரண்டு மாற்றம் வேண்டாம், சம்பா அறுவடை முடிந்து கூட்டம் குறைந்ததும் கொண்டு வாருங்கள் என்றார். போவதென்றால் போன் பண்ணிவிட்டுப் போங்கள். மதியம் சாப்பாட்டுக்குப் போனால் நாலு மணிக்குத்தான் ஷட்டர் தூக்குகிறார்.