நன்னாரி ஐஸ் எஸ்பிரஸோ: வீட்டு மெஷினோடு மூன்று வருஷம்

2022 மார்ச்சில் ஒரு சின்ன எஸ்பிரஸோ மெஷின், அதாவது அழுத்தத்தில் கெட்டிக் காப்பி இறக்கும் மெஷின், வாங்கினேன். 15 பார் அழுத்தம் தரும் பம்ப், பால் நுரைக்க ஒரு நீராவிக் குழாய், விலை சுமார் 14,000 ரூபாய். காப்பிக் கொட்டை அரைக்கக் கையால் சுற்றும் கிரைண்டர் தனி. எங்கள் வீடு மதுரை தல்லாகுளத்தில், மேற்குப் பார்த்த மாடி. சித்திரை, வைகாசியில் மதியம் மூணு மணிக்குச் சூடான காப்பி தொண்டையில் இறங்காது. காப்பி இல்லாமலும் அந்த மதியத்தைக் கடத்த முடியாது. அதற்காகத்தான் வாங்கினேன். இப்போது அக்னி நட்சத்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, தினம் இரண்டு டம்ளர் போடுகிறேன். மூன்று வருஷத்தில் என் ஐஸ் காப்பியின் ருசியை மாற்றியவை பாகும் தண்ணீரும்தான். மெஷின் அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கிறது.

முதல் வருஷம் முழுக்க ஒரே தப்பைச் செய்தேன். டம்ளர் நிறைய ஐஸைப் போட்டு, அதன் மேலேயே சூடான எஸ்பிரஸோவை இறக்கினேன். முதல் இரண்டு வாய் நன்றாக இருக்கும், பிறகு கழுநீர். ஏன் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18 கிராம் தூளில் 36 கிராம் காப்பி, 25லிருந்து 30 நொடிக்குள் இறங்குகிறது. விழும்போது 70 டிகிரி சூடு. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வேண்டும். அப்படியானால் அந்தக் காப்பி குளிர்வதற்கே ஏறக்குறைய 30 கிராம் ஐஸ் தண்ணீராகிவிடும். பாலை ஊற்றும் முன்பே காப்பி பாதிக்குப் பாதி தண்ணீர்.

இப்போது எவர்சில்வர் டபரா இரண்டு எப்போதும் ஃப்ரீசரில் இருக்கும். மெஷினுக்கு அடியில் டபராவை வைத்து நேராக அதிலேயே இறக்குகிறேன். சூடு ஆறுமுன் பாகை ஊற்றிவிட வேண்டும், அப்போதுதான் நன்றாகக் கலக்கும். பிறகு இரண்டாவது டபராவுக்கு மாற்றி ரெண்டு ஆத்து. குளிர்ந்த எவர்சில்வரே பாதிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதற்கப்புறம்தான் பால், கடைசியில் ஐஸ். இப்படிப் போட்டால் டம்ளரின் அடி வரை காப்பி காப்பியாகவே இருக்கும்.

பாகு விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் கேரமல், ஹேசல்நட் என்று வெளிநாட்டு பாட்டில்கள் வாங்கினேன். பாட்டில் ஒன்று 600 ரூபாய்க்கு மேல். இனிப்பு முதலில் வந்து நிற்கும், காப்பி அதற்குப் பின்னால் எங்கோ இருக்கும். ரெண்டு மாதத்தில் அலுத்துவிட்டது. விளக்குத்தூண் பக்கம் நன்னாரி சேர்த்த ஜிகர்தண்டா குடித்து வளர்ந்த நாக்குக்கு நன்னாரி ஏன் தோன்றவில்லை என்று ஒரு நாள் கடையிலிருந்து நன்னாரி சர்பத் பாட்டில் வாங்கி வந்தேன். டம்ளரில் பால், சர்பத் இரண்டையும் கலந்து, மேலே சூடான எஸ்பிரஸோவை இறக்கினேன். கண்முன்னாலேயே பால் பொடிப்பொடியாகத் திரிந்து டம்ளர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. பால்தான் பழசு என்று நினைத்து மறுநாள் புதுப் பாக்கெட்டைப் பிரித்தேன். அதுவும் திரிந்தது.

அத்தை பாட்டிலை வாங்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இதுல புளிப்பு போட்டிருக்கான்ல. சூடும் புளிப்பும் சேர்ந்தா பால் என்ன பண்ணும்? வேரு வாங்கிட்டு வாத்தா, நான் போட்டுத் தர்றேன்" என்றார். லேபிளைப் பார்த்தால் 330 என்று ஒரு எண். சிட்ரிக் ஆசிட்டுக்கு அதுதான் குறியீடு. ஜிகர்தண்டாவில் எல்லாமே ஜில்லென்று சேர்வதால் பிரச்சினை வருவதில்லை. நான் சூட்டையும் சேர்த்துவிட்டேன்.

கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் வேர் வாங்கினேன். அத்தை அதை மண் போக நாலு தண்ணீரில் அலசி, அம்மிக்குழவியால் லேசாகத் தட்டி, நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டை உருவிப் போட்டுவிட்டுத் தோலை மட்டும் எடுத்துக்கொண்டார். அரை லிட்டர் கொதிநீரை ஊற்றி மூடி வைத்துவிட்டால் ராத்திரி முழுக்க ஊற வேண்டும். வேரைப் போட்டுக் கொதிக்கவிடக் கூடாது, வாசம் ஆவியோடு போய்விடும். காலையில் மூடியைத் திறந்தபோது வந்த வாசத்தில் அடுக்களையே மாறிப்போனது. மழை விழுந்த செம்மண்ணும் வெனிலாவும் சேர்ந்தாற்போல ஒரு வாசம். அந்த வெனிலா சாயல் என் கற்பனை இல்லை. நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான பொருளும் வெனிலின் என்ற பொருளும் ஒரே அணுக்களால் ஆனவை, அவை அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. காப்பிக்கு வெனிலா பொருந்துகிறது என்று உலகமே சொல்லும்போது நன்னாரி பொருந்தாமலா போகும்!

வடிகட்டிய தண்ணீரில் கால் கிலோ சர்க்கரை, கால் கிலோ பனங்கற்கண்டு போட்டுக் கரையும் வரை மட்டும் சூடு காட்டி இறக்கினால் பாகு தயார். எலுமிச்சை பிழியக் கூடாது. ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் கெடாது. என் அளவு இதுதான்: 36 கிராம் எஸ்பிரஸோவுக்கு 20 மில்லி பாகு, ஆடை எடுத்த குளிர்ந்த பால் 100 மில்லி. 6 சதவீதக் கொழுப்புள்ள பால் என்றால் ஐஸ் உருகினாலும் தாங்கும். 3 சதவீதப் பாலில் எனக்கு வெறுமையாகத் தெரிகிறது. ராத்திரி ஊறவைத்த பாதாம் பிசின் ஒரு கரண்டி அடியில் போட்டால் குழந்தைகள் விடமாட்டார்கள்.

கருப்பட்டிப் பாகும் உண்டு. சுக்கு ஒரு துண்டு, ஏலக்காய் இரண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சித் துணியில் வடிகட்ட வேண்டும், அடியில் மண் நிற்கும். இதைப் பாலில்லாமல் குடிப்பதுதான் சரி. இளநீர், ஒரு ஷாட் (ஒரு தரம் இறக்கிய எஸ்பிரஸோ), கருப்பட்டிப் பாகு ஒரு ஸ்பூன்: அழகர்கோவில் ரோட்டிலிருந்து வெயிலில் வண்டி ஓட்டி வந்த நாளில் அது தரும் ஆறுதலை எந்த கஃபேயிலும் நான் குடித்ததில்லை. பன்னீர் சோடாவோடும் நன்றாக இருக்கும். முதலில் சோடா, பிறகு ஸ்பூனின் பின்புறத்தில் மெல்ல வழியவிட்டுக் காப்பி. வேகமாக ஊற்றினால் பொங்கி வெளியே வந்துவிடும்.

மெஷினுக்கு எமன் எங்கள் போர் தண்ணீர். மீட்டரை விட்டுப் பார்த்தபோது டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 900 தாண்டியது. வாங்கி எட்டு மாதத்தில் காப்பி நூலாக இறங்க ஆரம்பித்தது, பம்ப் முனகியது. சர்வீஸ் சென்டரில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, உள்ளே ஒரு பகுதியையே மாற்ற வேண்டும் என்று 4,500 ரூபாய் கேட்டார்கள். மனசு கேட்காமல் திரும்ப எடுத்துவந்தேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிட்டு, நடுவில் இருபது நிமிஷம் ஊறவிட்டேன். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் துகள் வந்து விழுந்தது. நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசியபின் பழையபடி இறங்கியது. அந்த மூன்று வாரத்தையும், என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் சொன்ன அந்தத் தொகையையும் நினைத்தால் இன்னும் வருத்தம்தான்.

அதற்குப் பிறகு கேன் தண்ணீருக்கு மாறினேன். அதன் டிடிஎஸ் 40தான். மெஷினுக்கு நல்லது, ஆனால் காப்பி சப்பென்று ஆகிவிட்டது. தண்ணீரில் கொஞ்சம் தாது இருந்தால்தான் தூளிலிருந்து ருசி இறங்கும், 150 அளவில் இருந்தால் நல்லது. இப்போது முக்கால் பங்கு கேன் தண்ணீர், கால் பங்கு கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர். மீட்டரில் 130 பக்கம் வருகிறது. ரெண்டு மாதத்துக்கு ஒரு தரம் சிட்ரிக் ஆசிட் விடுகிறேன். காப்பியை இறுக்கும் கைப்பிடிக்கு மேலே இருக்கும் ரப்பர் வளையம் ரெண்டு வருஷத்தில் கட்டியாகி ஓரத்தில் கசிந்தது. 250 ரூபாய்க்குப் புதுசு வாங்கி நானே மாற்றினேன்.

காப்பிக் கொட்டை, கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கத்து அராபிகா, கிலோ 950 ரூபாய். வறுத்துப் பத்து நாள் ஆனபின் பிரிக்கிறேன். முதலில் எங்கள் வழக்கமான தூள் கடையில், "சிக்கரி வேண்டாம், அரைக்கவும் வேண்டாம், கொட்டையாவே குடுங்கண்ணே" என்றேன். "கொட்டையாவா? வீட்ல எதுலம்மா அரைப்பீங்க?" என்று அவர் கவலைப்பட்டார். சிக்கரி கலந்த தூளை இந்த மெஷினில் போடாதீர்கள், ஈரம் பட்டதும் பிசுபிசுவென்று சல்லடையை அடைத்துவிடும். ஒரு டம்ளருக்குத் தூள், பால், பாகு எல்லாம் சேர்த்து முப்பது ரூபாய்க்குள் முடிகிறது.

கூட்டத்துக்கு இந்த மெஷின் ஆகாது. போன வருஷம் சித்திரைத் திருவிழாவில், கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்றைக்கு வீட்டில் 14 பேர். அழகர் வருவதற்குள் எல்லோருக்கும் நன்னாரி ஐஸ் காப்பி தர ஆசைப்பட்டேன். ஐந்தாவது ஷாட்டுக்கு மேல் மெஷின் சூடேறிக் காப்பி கருகிக் கசந்தது. சின்ன மாமாவுக்குக் கொடுத்த டம்ளர் பாதியில் நின்றதைப் பார்த்ததும் மெஷினை அணைத்துவிட்டு ஃபில்டரை எடுத்தேன். இந்தச் சித்திரையில் முதல் நாள் ராத்திரியே கெட்டி டிகாக்ஷன் இறக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். நன்னாரிப் பாகு அதோடும் அழகாகச் சேர்ந்தது.

இன்னொன்று, மெஷின் 1,350 வாட் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரன்ட் போகும் நாளில், அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தில் காப்பி இறக்கும் மோக்கா பாட்தான். அதன் அழுத்தம் ஒன்றிரண்டு பார் அளவுதான், மேலே பொன்னிற நுரை வராது. ஆனாலும் கருப்பட்டிக் காப்பிக்கு எனக்கு அதுவே பிடிக்கிறது.

ஐஸ் தட்டுக்கு மூடி கட்டாயம். எங்கள் ஃப்ரிட்ஜில் தோசை மாவும், வாழையிலையில் சுற்றிய மல்லிகையும் எப்போதும் இருக்கும். திறந்த தட்டில் உறைந்த ஐஸ் இரண்டு வாசத்தையும் வாங்கிக்கொண்டு காப்பிக்குள் வந்துவிடுகிறது.

இந்த வாரம் நுங்கு நன்றாக வருகிறது. இளசாகப் பார்த்து வாங்கி, தோலை உரித்து, உள்ளிருக்கும் தண்ணீரோடு பிசைந்து பனங்கற்கண்டுப் பாகில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். மேலே ஒரு ஷாட், நாலு ஐஸ், பால் கிடையாது. ஐஸைக் கண்டாலே சளி பிடிக்கும் என்று இரண்டு வருஷமாகத் தொடாத அத்தை, நேற்று ஸ்பூனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.