சொமட்ரோபின் ஊசி மருந்து: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு உறுதியான குழந்தைக்கு, சொமட்ரோபின் நான் முழு மனதுடன் பரிந்துரைக்கும் மருந்து. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி போதிய அளவு சுரக்கத் தவறிய அதே புரதத்தை, 191 அமினோ அமிலங்களின் அதே வரிசையில், இது உடலுக்குத் தருகிறது. மகனுக்கு இரவுதோறும் இந்த ஊசியைப் போட்டு வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பெற்றோர் முதலில் அஞ்சுவது 'செயற்கை' என்பதைத்தான். உண்மையில், ஆபத்து இருந்தது பழைய இயற்கை மருந்தில். 1950களின் பிற்பகுதியிலிருந்து இந்த ஹார்மோன் இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பிகளிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் வழியே குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்னும் உயிர்க்கொல்லி மூளைநோய் பரவியது தெரிந்ததும், 1985இல் அமெரிக்காவில் அதன் விநியோகம் நிறுத்தப்பட்டது. மரபணுப் பொறியியல் முறையில் ஈ. கோலை பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த முதல் வளர்ச்சி ஹார்மோனுக்கு அங்கே அனுமதி கிடைத்ததும் அதே ஆண்டில்தான். இன்றைய மருந்தில் மனிதத் திசு எதுவும் சேர்வதில்லை என்பதால், அந்தத் தொற்றுக்கான வழியே அடைபட்டுவிட்டது.

பயன்படுத்துவதில் பேனா வடிவ ஊசி மிகுந்த வசதி. ஒவ்வொரு முறையும் புதிய ஊசிமுனையைப் பொருத்தி, புதிய பேனாவாக இருந்தால் முனையில் ஒரு துளி மருந்து எட்டிப் பார்க்கும் வரை காற்றை வெளியேற்றி, அளவைத் திருகி வைத்து, தோலுக்கடியில் செலுத்திய பின் உடனே உருவாமல் சில நொடிகள் அப்படியே பிடித்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மருந்து தோலின் மேல் கசிந்துவிடும். தொடை, வயிறு, பிட்டம் என இடத்தை மாற்றிக்கொண்டே போடாவிட்டால் ஒரே இடத்தில் தோலடிக் கொழுப்பு கரைந்து குழி விழக்கூடும். தூளாக வரும் வகையில் கரைப்பானைச் சேர்த்த பின் குலுக்கவே கூடாது, மெதுவாகச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் புரதம் சிதைந்துவிடும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டிய மருந்து இது. ஒருமுறை உறைந்துவிட்டால் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே குளிர்பதனப் பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

இயற்கைச் சுரப்பு ஆழ்ந்த உறக்கத்தில் உச்சமடைவதால் இரவில் போடச் சொல்கிறார்கள். இதன் பெரிய குறையும் இதுதான்: ஆண்டுக்கணக்கில் தினமும் ஊசி. பிள்ளை அழும் இரவுகளில் மனம் இளகுவது இயல்பு. ஆனால் விட்டுப்போகும் ஊசிகள் வளர்ச்சியைக் குறைப்பது அளவுகோலில் தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை போடும் லோனாபெக்சொமட்ரோபின், சொமாபசிட்டான், சொமட்ரோகான் ஆகியவை வந்திருப்பதை இந்தக் காரணத்துக்காகவே வரவேற்கிறேன்.

பலன் முதல் ஆண்டில்தான் மிக வேகமாகத் தெரியும். அதன் பிறகு வேகம் குறைவதைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம். டர்னர் நோய்க்குறி, பிராடர்-வில்லி நோய்க்குறி என்னும் பிறவி மரபணுக் கோளாறுகள், நாள்பட்ட சிறுநீரக நோய் ஆகியவற்றால் வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகளுக்கும் இது தரப்படுகிறது. காரணம் தெரியாத குள்ளத்தன்மைக்கு 2003இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. ஆனால் பல ஆண்டுகள் போட்டும் இந்த வகைக் குழந்தைகளுக்குக் கிடைப்பது சில சென்டிமீட்டர்கள்தான், அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆரோக்கியமான பிள்ளையை அதற்காக இத்தனை ஊசிகளுக்கு உட்படுத்தலாமா என்பதில் எனக்குப் பெரும் தயக்கம் உண்டு.

விடாத தலைவலி, பார்வை மங்கல், இடுப்பு அல்லது முழங்கால் வலியுடன் நொண்டுதல் ஆகியவை தென்பட்டால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். ஐஜிஎஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனின் தூண்டலால் உடலில் உருவாகும் புரதம்), தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகளையும் தள்ளிப்போடக் கூடாது. புற்றுநோய் தீவிரமாக உள்ளவர்களுக்கு இது ஆகாது. குறைபாடு இல்லாத பெரியவர்கள் தசைக்காகவோ இளமைக்காகவோ போட்டுக்கொள்வது உடலுக்குக் கேடு. வீக்கம், மூட்டுவலி, நீரிழிவு என்று அது திரும்பி வரும்.

எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிப் பகுதிகள் மூடிய பின் உயரம் அதிகரிக்காது என்பதால், மணிக்கட்டு எக்ஸ்ரே மூலம் எலும்பு வயதை, அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை, அவ்வப்போது பார்க்கச் சொல்லுங்கள். வளர்ச்சி முடிந்ததும் ஹார்மோன் அளவை மறுபடி சோதிக்கவும் கேளுங்கள். சிறுவயதுக் குறைபாடு பலருக்குப் பின்னர் நீடிப்பதில்லை, நீடிப்பவர்களுக்கோ பெரியவர்களுக்கான குறைந்த அளவில் மருந்தைத் தொடர வேண்டியிருக்கும்.