வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘ஊரடங்கு மளிகைத் தொகுப்பு’: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

சென்னையில் போரூர், ராமாபுரம், வளசரவாக்கம் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். ‘21 பொருட்கள், 1,999 ரூபாய், வாசலிலேயே டெலிவரி, மாநகராட்சி அனுமதி பெற்றது’ என்று ஒரு விளம்பரப் படம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் வாங்கினேன், எங்கள் பிளாக்கில் வேறு சில வீடுகளிலும் வாங்கினார்கள். பொருளில் ஏமாற்றியது போதாதென்று, பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களின் வங்கிக் கணக்கிலும் கை வைத்திருக்கிறார்கள். புகார் கொடுத்திருப்பதால் ஆளின் பெயரை இப்போது போடவில்லை. வேலை செய்யும் விதத்தை மட்டும் சொல்கிறேன், பெயர் மாறினாலும் அடையாளம் தெரியும்.

2021 மே 10 கொரோனா முழு ஊரடங்கு தொடங்கியபோது மளிகைக் கடை பகல் 12 மணி வரை திறந்திருந்தது, அப்புறம் அதைக் காலை 10 மணியாகக் குறைத்தார்கள். 22, 23 தேதிகளில் எல்லாக் கடைகளையும் இரவு 9 வரை திறக்கச் சொல்லிவிட்டு, 24 முதல் மளிகையையும் மூடிவிட்டார்கள். அந்த இரண்டு நாள் கூட்டத்துக்குள் போக எனக்குத் துணிவில்லை. வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, இளைப்பும் இருக்கிறது. காய்கறிக்குத் தெருவுக்கே வண்டி வந்தது. மளிகைக்குத்தான் வழியில்லை. 31 முதல் கடைக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தரலாம் என்று அறிவிப்பு வந்தது. வந்த அன்று மாலையே இந்த ஆளின் விளம்பரப் படமும் வந்துவிட்டது. எங்கள் தெரு அண்ணாச்சி இருந்திருந்தால் இந்தப் படத்தை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம். அவர் சாத்தான்குளம் பக்கம் சொந்த ஊருக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார்.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபேயில் அனுப்ப வேண்டும், பொருள் வந்ததும் கொடுக்கிறேன் என்பதெல்லாம் கிடையாது. கேட்டால் ‘நோட்டு வாங்கினால் கொரோனா பரவும் மேடம்’ என்று பதில். பில் கேட்டதற்கு ‘மூட்டையிலேயே இருக்கும்’ என்றார். இருந்தது, துண்டுச் சீட்டில் 21 பொருளின் பெயரும் அடியில் மொத்தத் தொகையும். எது என்ன விலை என்று இல்லை, கடை முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

மூட்டையைக் கொண்டுவந்த பையன் மேல் எனக்குக் கோபமில்லை. கிளம்பும்போது, “அக்கா, நான் ஷேர் ஆட்டோ ஓட்டுறவன். வண்டி ஓடலை, அதான் இதுக்கு வந்தேன். மூட்டைக்கு இவ்வளவுன்னு தர்றாங்க, உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது” என்று அவனாகவே சொன்னான். ஏற்கெனவே சில வாசல்களில் திட்டு வாங்கியிருப்பான் போலிருக்கிறது.

பருப்புப் பாக்கெட்டைத் தூக்கியதுமே அம்மா, “இது ஒரு கிலோ இல்லடி” என்றார். போன வருட ஊரடங்கில் ஊரே கேக் செய்துகொண்டிருந்தபோது நானும் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கியிருந்தேன். அதில் வைத்துப் பார்த்தால் ‘1 கிலோ’ துவரம் பருப்பு 890 கிராம், இன்னொரு பாக்கெட் 885. அரைக் கிலோ உளுந்து 440. ரவை, கடலைப் பருப்பு, பச்சைப்பயறு எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே குறைந்திருந்தது. இது கைதவறிக் குறைந்த எடை இல்லை. கைதவறினால் ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே விகிதத்தில் குறைகிறது என்றால், அளவை முடிவு செய்துவிட்டுத்தான் பாக்கெட் போட்டிருக்கிறார்கள்.

போன் செய்தேன். “பேக்கிங்ல அஞ்சு பத்து கிராம் முன்ன பின்ன இருக்கும் மேடம்.” அஞ்சு பத்து இல்லை, நூற்றுப் பத்து என்றேன். “உங்க தராசு சரியில்ல மேடம்.” சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று சீல் உடைக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்தேன். உறையோடு சேர்த்து ஆயிரத்துக்குச் சில கிராம் கூடவே காட்டியது. ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டும் கணக்குக்குச் சரியாக வந்தது. பால் தண்ணீரைவிடச் சற்று கனம், அதனால் 500 மில்லி என்பது 515 கிராம் வாக்கில் இருக்கும், உறை தனி. வீட்டுத் தராசைச் சந்தேகப்படுபவர்கள் இப்படி உப்பையோ பாலையோ வைத்துச் சரிபார்க்கலாம். பொட்டலப் பொருள் விதிகளும் எடையில் முன்னே பின்னே இருக்க இடம் தருகின்றன, ஆனால் ஒரு கிலோ பாக்கெட்டுக்கு அது 15 கிராம்தான். அதுவும் உறையைக் கழித்த நிகர எடையில்.

இந்தத் தொகுப்பு எங்கும் கிடைக்காத விலை என்று தோன்றும். மற்றவர்களைவிட இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய் குறைவு. அந்தக் குறைவைப் பருப்பிலும் எண்ணெயிலும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

எண்ணெயில் இன்னும் சாமர்த்தியம். சீட்டில் ‘சன்ஃப்ளவர் ஆயில் 2’ என்றுதான் இருக்கிறது, லிட்டர் என்று இல்லை. படத்தில் மட்டும் 2 லிட்டர். வந்தது கேள்விப்படாத பெயரில் இரண்டு பாக்கெட், முன்பக்கம் சூரியகாந்திப் பூ, பின்பக்கம் பொடி எழுத்தில் பாமாயில், 800 மில்லி. சமையல் எண்ணெய் விலை பத்து வருடத்தில் இல்லாத உயரத்தில் இருந்த அந்த நேரத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை. பாக்கெட்டின் உயரமும் அகலமும் ஒரு லிட்டர் பாக்கெட் மாதிரியேதான் இருக்கும், அதனால் அளவைப் படித்துப் பாருங்கள். எடையாகப் போட்டிருந்தால் ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணி சோப்பில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டியதும் அடியில் நான்கு ரூபாய் குறைந்த விலை தெரிந்தது. விலையைக் குறைப்பதற்கு ஸ்டிக்கர் ஒட்டலாம், கூட்டுவதற்கு ஒட்டக் கூடாது. நான்கு ரூபாய்தானே என்று விடாதீர்கள், சட்டப்படி நிரூபிக்க இதைவிடச் சுலபமான குற்றம் இந்த மூட்டையில் வேறு இல்லை.

அம்மா கொதித்துப்போனது மிளகைப் பார்த்துத்தான். வீட்டுக்கு வீடு மிளகு ரசமும் கஷாயமும் ஓடிய காலம், அதில் போய் விளையாடியிருக்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கைப்பிடியைப் போட்டார். நல்ல மிளகு அடியில் தங்கியது, கணிசமான பங்கு மேலே மிதந்தது. மிதந்தவற்றைத் தேய்த்துப் பார்த்தால் நீள்வட்டமாக, லேசான பச்சை கலந்த பழுப்பு நிறத்தில், காரமே இல்லாமல் இருந்தன. பப்பாளி விதை. எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற கலப்படம்தான், இவ்வளவு தாராளமாக நான் பார்த்ததில்லை.

‘இலவசம்’ என்று ஒரு கபசுரக் குடிநீர்ப் பொடியும் போட்டிருந்தார்கள். கொதிக்க வைத்துக் குடித்தால் சுக்குக் காப்பி மாதிரி இதமாக இருக்கிறது. நிலவேம்பும் ஆடாதோடையும் சேர்ந்த கபசுரக் குடிநீர் எங்கே கசக்காமல் இருக்கும்? பதினைந்து சரக்கு சேர வேண்டிய சித்த மருந்து அது, மருந்து தயாரிப்பு உரிம எண்ணும் காலாவதித் தேதியும் உறையில் இருக்க வேண்டும். இதில் ஒரு பச்சை இலைப் படம் மட்டும் இருந்தது. இலவசத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சல் வந்த யாரோ இதை நம்பிக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன ஆவது?

மசாலாப் பொடிகளில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் என்று ஒன்று இருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினொரு இலக்கம். உண்மையான உரிம எண்ணுக்குப் பதினான்கு இலக்கம். ‘மாநகராட்சி அனுமதி’ என்பதும் இதே ரகம்தான். வீட்டு டெலிவரி செய்யும் கடைகளின் பட்டியலை அப்போது மாநகராட்சியே வெளியிட்டிருந்தது, எங்கள் மண்டலப் பட்டியலில் இந்தப் பெயர் இல்லை.

இதுவரை சொன்னது பொருளில் போன பணம். இனிமேல் சொல்வதுதான் ஆபத்தானது.

எடை போட்ட படங்களை வரிசையாக அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். மறுநாள் வேறு எண்ணிலிருந்து வேறொருவர் பேசினார், மிகவும் பணிவு. “தப்பு எங்க மேலதான் மேடம், முழுப் பணமும் ரீஃபண்ட் பண்றோம். ஜிபேல ஒரு மெசேஜ் வரும், அதை அமுக்கி பின் நம்பர் போட்டீங்கன்னா உங்க அக்கவுண்ட்ல ஏறிடும்.” சொன்னபடியே வந்தது. 1,999 ரூபாய், குறிப்பில் ‘ரீஃபண்ட்’. ஆனால் அது பணம் அனுப்பும் செய்தி இல்லை, என்னிடமிருந்து பணம் கேட்கும் கோரிக்கை. பின் போட்டிருந்தால் இன்னொரு 1,999 அவர்களுக்குப் போயிருக்கும். நான் நிராகரித்துவிட்டேன். எங்கள் பிளாக்கில் ஓய்வு பெற்ற ஒரு சார், மரியாதையாகப் பேசுகிறார்களே என்று பின்னைப் போட்டுவிட்டார். ‘சர்வர் பிரச்சினை, இன்னொரு முறை போடுங்க’ என்று மறுபடியும் போட வைத்திருக்கிறார்கள். வங்கியில் கேட்டதற்கு, பின்னை நீங்களே போட்டிருக்கிறீர்களே என்று கையை விரித்துவிட்டார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை, கியூஆர் கோடையும் ஸ்கேன் செய்ய வேண்டாம். பின்னைக் கேட்டாலே நம் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்றுதான் பொருள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இதை இன்றைக்கே செய்துகாட்டிச் சொல்லிவிடுங்கள், படித்தவர்தானே என்று விட்டுவிட வேண்டாம்.

புகார் எங்கே கொடுப்பது என்று தேடி அலைந்ததில் தெரிந்துகொண்டது: எடைக் குறைவு, விலை ஸ்டிக்கர், விவரமில்லாத பாக்கெட் இதற்கெல்லாம் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான், அதில் தொழிலாளர் உதவி ஆணையர், அமலாக்கப் பிரிவு. காவல் நிலையத்தில் முதலில் அதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். கலப்படத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. தேசிய நுகர்வோர் உதவி எண் 1800-11-4000. யுபிஐயில் பணம் இழந்தவர்கள் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் உடனே பதிவு செய்யுங்கள், பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் எடைப் புகார் நிற்காது, அதனால் குறைந்தது ஒன்றையாவது பிரிக்காமல் எடுத்து வையுங்கள்.

ஜூன் 7 முதல் கடைகளை மாலை 5 வரை திறக்க விட்டார்கள். அண்ணாச்சியும் ஊரடங்கில் பயணம் செய்வதற்கான இ-பதிவு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அவரிடம் அந்த மூட்டைச் சீட்டைக் காட்டினேன். “மொத்த விலைக்கு வாங்கினாலே இது கட்டாதேக்கா, எப்படிக் குடுப்பான்?” என்றார். இரண்டு வாரம் கடை பூட்டிக் கிடந்ததில் அவருக்கு ரவையிலும் மைதாவிலும் வண்டு விழுந்துவிட்டது, அத்தனையும் கைநஷ்டம். இந்த நேரத்தில் ஒழுங்காக வியாபாரம் செய்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த ஆட்கள் பெயரைக் கெடுக்கிறார்கள். வயதானவர்கள், தனிமையில் இருப்பவர்கள் இன்னும் வீட்டு டெலிவரிதான் வாங்க வேண்டியிருக்கிறது, வாங்குங்கள். தெரிந்த கடையில், பொருள் வந்த பிறகு பணம், அதுவும் கொண்டுவந்தவர் வாசலில் நிற்கும்போதே இரண்டு பாக்கெட்டை எடை போட்டுவிட்டு. நல்ல கடைக்காரர் யாரும் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

மளிகை விற்ற அந்த ஆட்களின் வாட்ஸ்அப் குழுவின் பெயர் போன வாரம் மாறிவிட்டது. இப்போது அதே காய்கறிக் கூடைப் படத்தோடு, ‘பள்ளி ஆன்லைன் வகுப்புக்கு டேப்லெட், முன்பதிவு 500 ரூபாய்’ என்று ஓடுகிறது. இவர்களிடம் மளிகை வாங்கியவர்கள் துண்டுச் சீட்டு, எடைப் படம், ஜிபே ரசீது மூன்றையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். வரும் திங்கள்கிழமை எங்கள் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறோம், தனித்தனியாகப் போனால் 110 கிராம் பருப்புக்கா வந்தீர்கள் என்று கேட்பார்கள்.