எலோவா, கிளிக்கோவா? எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எது நியாயம்

தருமபுரியில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். எங்களுக்குள் ஒரு ரேட்டிங் பட்டியல், அதாவது ஒவ்வொருவரின் ஆட்டத் திறனையும் ஓர் எண்ணாகக் காட்டும் பட்டியல், வைத்துக்கொள்ளலாம் என்றதும் அதை எலோ முறையில் கணக்கிடுவதா, கிளிக்கோ முறையிலா என்ற கேள்விதான் முதலில் எழுந்தது.

எலோ எளியது. அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் எலோ வகுத்த முறை. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. ரேட்டிங்கில் 200 கூடுதலாக இருப்பவர் நூறு ஆட்டத்தில் ஏறக்குறைய 76 புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுப்பார் என்பது கணக்கு. அதைவிடக் கூடவோ குறையவோ எடுத்ததை ‘கே’ என்ற எண்ணால் பெருக்கினால் ஏற்ற இறக்கம் கிடைத்துவிடும். நோட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். தன் புள்ளி எங்கிருந்து வந்தது என்று ஆறாம் வகுப்புப் பையனுக்கும் புரியும். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆனால் பென்னாகரத்திலிருந்து வரும் ஒரு பெண் பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக ஒரு வருடம் வரவில்லை. வீட்டில் அண்ணனோடு ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். திரும்பி வந்தவள் பழைய 1400உடன் உட்கார்ந்து, 1600இல் இருந்த பையனை முதல் நாளே ஜெயித்தாள். கே 20 என்றால் அவளுக்கு 15 ஏறும், அவனுக்கு 15 இறங்கும். அவள் தன் உண்மையான இடத்துக்கு வர மாதக்கணக்காகும். அதுவரை அவளிடம் தோற்பவர்கள் எல்லாம் வீணாகப் புள்ளி இழப்பார்கள். 18 வயதுக்குக் கீழ் 2300ஐத் தொடாதவர்களுக்கு ஃபிடே கே 40 வைத்திருப்பது இந்த வேகக் குறைக்குத்தான் மருந்து. ஆனால் அந்தப் பையனும் சிறுவன் என்பதால் அவனுக்கும் 30 போய்விடும்.

மார்க் கிளிக்மன் 1995இல் கொண்டுவந்த கிளிக்கோ, ரேட்டிங்கோடு ‘விலகல்’ என்று இன்னொரு எண்ணையும் வைக்கிறது. அந்த ரேட்டிங்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான அளவு அது. ஆடாமல் இருந்தால் விலகல் கூடும், ஆட ஆடக் குறையும். அவளுக்கு 200, வாரம் தவறாத அவனுக்கு 50 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அவளுக்கு 139 ஏறியது; அவனுக்கு 9 மட்டுமே இறங்கியது. யாரைப் பற்றி நமக்குச் சரியாகத் தெரியாதோ அவருடைய எண்தான் நகர்கிறது. எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. கணக்குப் போட கம்ப்யூட்டர் வேண்டும் என்பதும், பெற்றோருக்கு விளக்குவது கஷ்டம் என்பதும் உண்மை.

செஸ்960 (பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைத்து ஆடுவது), கிரேசிஹவுஸ் (வெட்டிய காயைத் தன் காயாக இறக்கி ஆடுவது) போன்ற செஸ் வகைகளுக்குத் தனித்தனிப் பட்டியல்தான் சரி. லிச்செஸ் என்ற செஸ் இணையதளம் கிளிக்கோவின் அடுத்த வடிவமான கிளிக்கோ-2ஐ வைத்து அப்படித்தான் செய்கிறது. வெட்டிய காயைத் திரும்ப இறக்கும் ஆட்டத்தில் தோற்றதற்கு வழக்கமான செஸ் ரேட்டிங் ஏன் குறைய வேண்டும்? இருவர் இருவராக ஆடும் பக்ஹவுஸுக்கு மட்டும் எலோ, கிளிக்கோ இரண்டுமே ஒத்துவராது. அணிக்குள் யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்க, மைக்ரோசாஃப்டின் ட்ரூஸ்கில் போன்ற முறை வேண்டும்.

எங்கள் பட்டியலுக்குக் கிளிக்கோவையே எடுத்துக்கொண்டேன். விலகலின் இரு மடங்கை ரேட்டிங்கின் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் பலகையில் எழுதுகிறேன். அந்த ஓர் ஆட்டத்தில் அந்தப் பெண்ணின் விலகல் 200இலிருந்து 180ஆகக் குறைந்ததால், அவள் வரி இப்போது இப்படி இருக்கிறது: 1539, முன்பின் 360.